லண்டன்பேட்டையில் ஆறாம் நம்பர்

முடியைத் தோளோடு வெட்டிக்கொண்டதே
முதல் தப்பு என்றாள் நாகரத்னா.
இரண்டாவது அந்தக் கறுப்புப் பாவாடை.
கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிடுகிறது.
அதற்குக் கீழே என் ரப்பர் செருப்பு
வேறு யாருடைய காலிலோ கிடப்பதுபோல் இருக்கிறது.

பூட்ஸ் வேண்டும்.
கணுக்காலை மூடுகிற, முன்னால் கயிறு கட்டுகிற,
நடந்தால் தரைக்குத் தெரிகிற பூட்ஸ்.
கையில் தொள்ளாயிரம்.
விடுதிக்கும் சீட்டுக்கும் வீட்டுக்கும் போக
யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத தொள்ளாயிரம்.

ஓசூரில் ஏசி போட்ட கடையில் பார்த்தேன்.
விலைச்சீட்டைத் திருப்பினேன்.
அது என்னைத் திருப்பி அனுப்பியது.

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி.
ரவுண்டானாவில் இறங்கும்போதே வெயில்
சையத் பாஷா மலைப் பாறையிலிருந்து வழுக்கி வந்து
கடைத்தெருவில் உட்கார்ந்திருந்தது.

முதல் கடையில் பள்ளிக்கூட ஷூ.
"குழந்தை எத்தனாவது படிக்குதும்மா?"
எனக்குத்தான் என்றேன்.
பொருத்தமில்லாத ஜாதகத்தை மூடுவதுபோல்
பெட்டியை மூடிவிட்டார்.

அடுத்த கடையில் இருந்தது.
பளபளவென்று, பக்கவாட்டில் ஜிப்,
குதிகாலில் தங்க நிற வளையம், எழுநூற்றைம்பது.
போட்டுக்கொண்டு நாலடி நடந்தேன்.
மடங்கிய இடத்தில் செதில் எழும்பியது.
"ரெக்சின்தான். ஆனா ஃபாரின் ரெக்சின்" என்றான் பையன்.
மழையில மட்டும் காட்டாதீங்க என்றும்.

மூன்றாவதில் இடது கால் மட்டும் இருந்தது.
வலதை எலி.

லண்டன்பேட்டைக்குப் போ என்று
யாரும் சொல்லவில்லை.
பேரை நம்பிப் போனேன்.

அங்கே இருந்தது தார்ப்பாய், கயிறு, உளி,
கல் அறுக்கும் பிளேடு, மஞ்சள் தலைக்கவசம்.
கிரானைட் பட்டறைக்காரர்களுக்கான கடை.
வாசலில் ஜோடி ஜோடியாய் முடிந்து தொங்கியது
நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து வைத்திருந்த
அதே உருவம்.
தூசி மட்டும் கூடுதல்.

"எந்த குவாரிம்மா?" என்றார் இம்தியாஸ் பாய்.
குவாரி இல்ல பாய், பாவாடை.
பாவாடையைப் பார்த்தார். காலைப் பார்த்தார்.
சிரிக்கவில்லை.
அதற்காகவே இருபது ரூபாய் கூடக் கொடுத்திருப்பேன்.

"ஆறுக்குக் கீழ கம்பெனி செய்யறதே இல்ல.
சின்னக் காலு குவாரிக்கு வராதுன்னு நெனப்பு."
கொஞ்ச நேரம் கழித்து, கயிற்றை அவிழ்த்துக்கொண்டே,
"வருது" என்றார்.

எனக்கு ஒரு விரல் பெரிது.
ரெண்டு சாக்ஸ் போடு, முன்னாடி கொஞ்சம் பஞ்சு வை என்றார்.
சுத்தியலால் அதன் மூக்கில் தட்டிக் காட்டினார்.
டங்.
உள்ளே இரும்புக் கிண்ணம்.
"கல்லு விழுந்தாலும் விரல் மிஞ்சும்."
எண்ணூற்று நாற்பது.
பேர் கேட்காமலே பில் எழுதினார்:
சேஃப்டி, ஒரு ஜோடி.

செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.
கனம். ஒவ்வொரு அடியையும்
யோசித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.
ஐந்தாவது நிமிஷமே குதிகால் தேய ஆரம்பித்தது,
அதையும் சொல்லிவிட வேண்டும்.
ஏடிஎம் கதவுக் கண்ணாடியில் நின்று பார்த்தேன்.
முடி, பாவாடை, பூட்ஸ்.
மூன்றும் முதன்முறையாக
ஒரே ஆளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன.
பணம் எடுக்க வந்தவர் இருமினார்.

ஓசூர் பஸ்ஸில் நிற்கத்தான் இடம்.
சூளகிரி தாண்டி ஒரு பிரேக்கில்
தக்காளிக் கூடையோடு நின்றவர்
முழு எடையோடு என்மேல் இறங்கிவிட்டார்.
"ஐயோ, கால மிதிச்சிட்டனா கண்ணு?"
குனிந்து பார்த்தேன்.
அவர் கால் இன்னும் என் கால்மேல்தான் இருந்தது.
இல்லையே என்றேன்.

திங்கட்கிழமை.
கம்பெனி வாசலிலேயே கழற்றிவிட வேண்டும்.
உள்ளே எட்டு மணி நேரமும்
அவர்கள் கொடுக்கிற வெள்ளைச் செருப்புதான்.
முன்னூறு செருப்புகளுக்கு முன்னூறு பொந்து வைத்த ரேக்கில்
நூற்றுப்பதினேழு என்னுடையது.
படுக்க வைத்துப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன்.
நுழையவில்லை.

எடுத்து ரேக்கின் தலைமேல் வைத்துவிட்டு
ஷிஃப்டுக்குப் போனேன்.